முப்பத்தேழு இளங்கொடி

கொம்பனூர்க்காரர்கள் மாட்டை நம்பினார்கள், மனுசனை நம்பவில்லை. அதனால் மாடு கன்று போட்டதும் விழுகிற இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து, பழைய துணியில் மூட்டையாகக் கட்டி, எது யார் வீட்டுடையது என்று தெரிய சிவப்பு, ஊதா, கட்டம் போட்டது, பூப் போட்டது என்று ஆளுக்கொரு துணியாகச் சுற்றி, ஊருக்குக் கிழக்கே நிற்கிற ஆலமரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். கிள்ளினால் பால் வடிகிற மரம் அது. அதில் தொங்கினால் மாட்டுக்குப் பால் சுரக்கும், தரையில் பட்டால் குறையும், நாய் தின்றால் மடி சூம்பிப் போகும். இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை, சோறு தின்கிற மாதிரி செய்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மரத்தைத் துளைத்துக்கொண்டுதான் காலனிக்குக் கரண்டு போனது. ஊருக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் கிளம்பி, ஊர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்து முடித்து, கடைசியாக ஆலமரத்துக் கிளைகளுக்குள் புகுந்து வெளியே வந்து, காலனியின் நாற்பது வீட்டில் போய் முடிகிற கம்பி. காற்று அடித்தால் கிளை கம்பியில் உரசும், பீஸ் போகும், மரத்துக்கு இந்தப் பக்கம் ஊரில் டி.வி. ஓடும், அந்தப் பக்கம் காலனியில் மூன்று நாள் இருட்டு. மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பியில் உரசுகிற கிளையையும் புதரையும் வெட்டிக்கொண்டு வருகிற ஆட்கள், எல்லா ஊரிலும் வெட்டினார்கள், கொம்பனூரில் மட்டும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு தடவை வெட்டப் போனவனை ஊர் கட்டிவைத்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கு வேண்டுதல்.

சன்னாசிக்கு வேண்டுதல் இருந்தது. அவன் அந்த ஆட்களில் ஒருவன், கேங்மேன், வயது முப்பத்திரண்டு, வீடு காலனியில். ஊர் மேல் கோபம் என்பதெல்லாம் அவனுக்கு உண்டுதான், ஆனால் அதற்காக மரமேறுகிற ஆள் இல்லை. அவன் மகள் தமிழினிக்கு ஏழு வயது, பிறந்ததிலிருந்தே இளைப்பு. மார்பு உலைத்துருத்தி மாதிரி ஏறி இறங்கும், உதடு நாவப்பழக் கலருக்குப் போகும், அப்போது மூக்கோடு வாயையும் சேர்த்து ஒரு மூடியை மாட்டி மருந்தைப் புகையாக உள்ளே அனுப்பும் மெஷின் ஒன்றைப் போடவேண்டும். மெஷின் கரண்டில் ஓடும். கரண்டு இல்லையென்றால் பதினான்கு கிலோமீட்டர், பைக்கில், முன்னால் பிள்ளையை உட்காரவைத்து, அது மூச்சு விடுகிறதா என்று ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டவேண்டும். போன வருசம் ஒன்பது தடவை ஓட்டினான். ஒன்பதாவது தடவை திரும்பி வரும்போது ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஒன்றுக்குப் போய்விட்டு, எந்தெந்தக் கிளை என்று எண்ணினான். ஆறு.

ஐப்பசி மாதத்துப் பராமரிப்பு நாளில், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற மத்தியான நேரத்தில், ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். போர்மேன் ராயப்பன் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"வேணாம் சன்னாசி. நீ காலனிக்காரன் வேற."

"மூட்டையத் தரையில படாம எறக்கிருவேன்ணே. வெட்டி முடிச்சிட்டு வேற கிளையில கட்டி விட்டுர்றேன். எந்திரிச்சு வந்து பாத்தாக்கூட எண்ணிக்கை சரியா இருக்கும்."

இறக்கினான். ஆறு கிளையிலும் சேர்த்து முப்பத்தேழு மூட்டை. இறக்கினதை எங்கே வைப்பது? தரை ஆகாது, கீழே நாலு நாய் ஏற்கெனவே மோப்பம் பிடித்து உட்கார்ந்திருந்தது. மற்ற கிளை எல்லாம் ஏணியை மாற்றிப் போடாமல் கைக்கு எட்டாத உயரம். எதிரே கம்பி இருந்தது. கரண்டு நிறுத்தின கம்பி, வெறும் கம்பி, மாலை ஐந்து மணி வரைக்கும் துணி காயப்போடுகிற கொடிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. மரத்தை ஒட்டி நிற்கிற கம்பத்துப் பக்கமாகக் கீழ்க்கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டான். வேறெந்த ஊர் ஆளும் இதைச் செய்திருக்க மாட்டான். இளங்கொடியின் மரியாதை தெரியாதவன் தரையில் போட்டிருப்பான், கம்பி வேலை தெரியாதவன் கம்பியைத் தொட்டிருக்கவே மாட்டான். இரண்டும் தெரிந்த ஒருத்தன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

ஆறாவது கிளை முறிந்த சத்தத்தில் ஊர் முழித்தது. பால் சொசைட்டி செயலாளர் வெள்ளைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார், பின்னால் கல்லும் கட்டையுமாக முப்பது பேர்.

"எவண்டா மரத்துல? சன்னாசியா? எறங்குடா."

"முடிஞ்சிருச்சு, மூட்டைய மாத்திக் கட்டிட்டு எறங்குறேன். எல்லாம் பத்திரமா இருக்கு."

"எங்க மூட்டையில நீ கை வச்சதுக்கப்புறம் என்னடா பத்திரம்."

முதல் கல் ராயப்பன் நெற்றியில் பட்டது. அதற்கப்புறம் கம்பி வேலை ஆட்கள் நிற்கவில்லை. ஏணியை விட்டார்கள், கயிற்றை விட்டார்கள், சன்னாசி கிளை அறுக்கிற நீள மூங்கில் தொரட்டியை ஊர்க்காரன் ஒருத்தன் பிடுங்கிக்கொண்டு போனான், வேன் கதவைச் சாத்தாமலே வண்டி கிளம்பியது. ஐந்து மணிக்கு, ஒரு கையால் நெற்றித் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ராயப்பன் சுவிட்சைப் போட்டார். ஐந்து மணிக்குப் போடவில்லையென்றால் ஆறு ஊர் போன் பண்ணும். முப்பத்தேழு மூட்டையை அவர் மறந்துபோனார். மண்டை உடைந்தவனுக்கு மூட்டை ஞாபகம் வருமா.

காலனியில் சன்னாசியின் பெண்சாதி பஞ்சவர்ணம் விளக்குச் சுவிட்சைப் போட்டாள். குண்டு பல்பு எரியவில்லை. தம்ளரில் ஊற்றுகிற மாதிரி அடியிலிருந்து வெள்ளையாக நிறைந்துகொண்டே வந்து, முழுக்க நிறைந்து, சொட்ட ஆரம்பித்தது. அவள் ஒரு குண்டானைக் கீழே வைத்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, லேசாக இரும்பு வாடை, நாக்கு நுனியில் ஒரு சுர்ரென்ற கூச்சம், மற்றபடி அப்போது கறந்த பால்தான். வாசலுக்கு வந்து, "கரண்டு வரல, பாலு வருது" என்றாள். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொம்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் கரண்டு இருந்தது. பால்தான் இல்லை. சாயங்காலக் கறவைக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் காம்பைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, வெறும் பாத்திரத்தோடு எழுந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள். முப்பத்தேழு மாடும் ஒரே நேரத்தில் மடி வற்றிப்போய்க் கிழக்கே திரும்பிக் கத்தியது.

காலனி இரண்டே நாளில் பழகிக்கொண்டது. டியூப் லைட்டை விட குண்டு பல்பு நன்றாகக் கறந்தது. மின்விசிறியைப் போட்டால் நாலு சுவரிலும் தெறித்து வீணாகிறது என்று விசிறிச் சுவிட்சில் எல்லாரும் துணியைக் கட்டி வைத்தார்கள். மோட்டார் பிளக்கில் ஓடையாக வந்தது. தெருவிளக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகவே சொட்ட ஆரம்பிக்கும், அதனடியில் அண்டாவை வைத்து யார் வீட்டில் விசேசமோ அவர்களுக்கு என்று பேசி முடித்தார்கள். நாற்பது வீட்டில் ஒரு வீட்டில்கூட மாடு கிடையாது. மேய்க்கத் தரை கிடையாது, ஊர்ப் புறம்போக்கில் விட்டால் அடித்து விரட்டுவார்கள். வெறும் கட்டங்காப்பி குடித்து வளர்ந்த சனம், பாயசம் வைத்தது, தயிர் உறை ஊற்றியது, வெண்ணெய் எடுத்துத் தலையில் தேய்த்தது. கரண்டு இல்லாததால் செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. யாருக்குப் பேச இருக்கிறது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து கன்றுக்குட்டிகள் நடந்து வந்தன. வரிசையாக, யாரும் ஓட்டாமல், தெருவிளக்குக் கம்பத்தைச் சுற்றி நின்று அடியிலிருந்து நக்கின. பின்னாலேயே கம்போடு ஊர் வந்து கன்றுகளைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அதில் மாயக்காள் என்று ஒருத்தி, ஒரே ஒரு மாடு வைத்துப் பிழைப்பவள், அவளுடைய செவலைக் கன்று மட்டும் கம்பத்தை விட்டு வர மறுத்து முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. அதைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் காலனியைப் பார்த்து, "நக்கிப் பொழைக்கிறீகளே, நல்லா இருங்க" என்றாள். காலனிப் பெண்கள் பாயசக் கரண்டியை ஆட்டிச் சிரித்தார்கள்.

டீக்கடைப் பரமனும் வந்தான். அவன் கடையில் ஊர்க்காரனுக்குக் கண்ணாடிக் கிளாஸ், காலனிக்காரனுக்குப் பேப்பர் கப். கையில் கேன் வைத்திருந்தான்.

"ஒரு அஞ்சு லிட்டர் ஊத்துத்தா. கேனைத் தொடாம மேலாக்க ஊத்து."

"சுவிட்சு எங்க செவத்துல இருக்கு," என்றாள் பஞ்சவர்ணம். "தொட்டாத்தான் பாலு. உள்ள வந்து நீயே போட்டுக்க."

பரமன் வாசற்படியைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான், போய்விட்டான். மறுநாள் படிக்கு வெளியே நின்றபடியே சுவிட்சை அமுக்குவதற்கு ஒரு நீளக் குச்சி சீவிக்கொண்டு வந்தான். பஞ்சவர்ணம் அந்தக் குச்சியை வாங்கி, இரண்டாக ஒடித்து, அவன் கண் முன்னாலேயே அடுப்பில் வைத்தாள்.

இதில் சன்னாசிக்கு ஒரு சொட்டுச் சந்தோசமும் கிடையாது. பால் குடித்தால் தமிழினிக்குச் சளி கட்டும். மெஷினைச் சொருகினால் மூடிக்குள் பால் நுரைத்தது. ஊருக்குப் போகிற பாதையில், அவன் வெட்டிப்போட்ட ஆறு கிளையையும் ஊர் இழுத்துக் குறுக்கே போட்டிருந்தது, வெட்டினவனே அள்ளட்டும் என்று; ஆலங்கிளைக்கு மண்ணும் மழையும் போதும், ஒரு வாரத்தில் வேர் விட்டுத் துளிர்த்து வேலியாக எழுந்து நின்றுவிட்டது, ஆள் வளைந்து நெளிந்து போகலாம், பைக் போகாது. மறு பாதை கண்மாய்த் தண்ணீருக்குள் கிடந்தது. கையில் இருந்த உறிஞ்சுகிற மருந்து இன்னும் சில இழுப்புக்குத்தான் வரும்.

அவன் காலனிக்காரர்களிடம் போய், மூட்டையை அவிழ்த்துவிடுகிறேன் என்றான். பஞ்சவர்ணத்தின் தம்பி சோணை பால்மீசையோடு எழுந்து நின்றான்.

"மச்சான், எம் மவன் பொறந்து நாலு வருசத்துல பசிக்கு அழாத வாரம் இதுதான். அதக் கெடுத்துறாத."

"எம் மக மூச்சுக்கு அழுகுதுடா."

"ஒரு பிள்ளைக்காக நாப்பது வீட்டுக்கும் நிப்பாட்டுவியா?"

"ஆமா."

"அப்ப நீ எங்க ஆளு இல்ல."

ஊரிடம் போனான். மந்தைத் திடலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, ஆறாவது கூட்டம். மூட்டைகளை அவிழ்த்துத் திரும்ப மரத்தில் கட்டத்தான் ஊருக்கும் ஆசை. ஆனால் பாலில் ஊறி ஊறி அடையாளத் துணி எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. சிவப்பும் வெள்ளை, ஊதாவும் வெள்ளை, கட்டமும் பூவும் வெள்ளை. எது யாருடையது என்று தெரியாமல் மாற்றிக் கட்டினால் இவன் மாட்டுப் பால் அவன் மாட்டுக்குப் போய்விடுமே.

"என்னோடது மேற்கருந்து அஞ்சாவது. நல்லாத் தெரியும்."

"ஒனக்கு ஒம் பொண்டாட்டி சேலையே தெரியாது, மூட்டை தெரியுதாக்கும்."

"எருமைக்காரன் பேசக்கூடாது. ஒன் எருமைக் கொடி எம் பசுவுக்கு வந்துச்சுன்னா நான் எங்க போய் நிக்கிறது?"

வெள்ளைக்கண்ணு கையை உயர்த்தி முடிவைச் சொன்னார்: எது யாருடையது என்று தீருகிறவரைக்கும் ஒருத்தனும் மூட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் அவன் அடுத்தவன் பாலுக்கு ஆசைப்படுகிறான் என்று அர்த்தம். கம்பத்துக்கு மேற்கே அரிவாளோடு நாலு பேரைக் காவல் போட்டார்கள். அதைப் பார்த்து காலனியும் கிழக்கே நாலு பேரைப் போட்டது, அதில் சோணை ஒருத்தன். ஊர் தொடக்கூடாது என்பதற்காக ஊர் காவல், எடுக்கக்கூடாது என்பதற்காகக் காலனி காவல், எட்டுப் பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் வைதுகொண்டிருந்தார்கள், மேலே முப்பத்தேழு வெள்ளை மூட்டையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆபீசிலிருந்து இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். டெஸ்டரைக் கம்பத்து ஒயரில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. விரலை வைத்துப் பார்த்தார். வாயில் வைத்துப் பார்த்தார். 'லைனில் மின்சாரம் இல்லை, வேறு பொருள் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், பத்து நிமிசம் ஆப் பண்ணிக் குடுங்க, ஏறி எடுத்துர்றேன்," என்றான் சன்னாசி.

"மேலருந்து உத்தரவு வராம ஒருத்தனும் ஏறக்கூடாது. வெட்டுக்குத்து ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இது நீ பண்ண வேலை, மறந்துறாத."

"மறக்கல சார்."

ஒன்பதாம் நாள் இளைப்பு கூடியது. சன்னாசி மகளைத் தோளில் போட்டு, மெஷினைப் பையில் போட்டு, துளிர்த்து நின்ற கிளைகளுக்குள் நுழைந்து பரமன் டீக்கடைக்குப் போனான். கடையில் பால் இல்லாமல் அடுப்பு அணைந்து கிடந்தது, ஆனால் மேலே விசிறி நன்றாகச் சுற்றியது. பத்து ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பரமண்ணே, பிளக்குல பத்து நிமிசம் சொருகிக்கிறேன். பிள்ளைக்கு முடியல."

பரமன் பிள்ளையைப் பார்த்தான். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"குச்சிய ஒடிச்சு அடுப்புல வச்ச வீடுதானே?"

"அது என் பொண்டாட்டி. பிள்ளை என்ன பண்ணுச்சு?"

"எங்க கன்னுக்குட்டி என்ன பண்ணுச்சு? நாலு செத்துப் போச்சு. மொதல்ல பாலைத் திருப்பிக் குடு, அப்புறம் பிளக்கு."

சன்னாசி மகளைத் தோளிலிருந்து இறக்கி நிறுத்தினான். பிறகு கையில் மிச்சம் இருந்த மருந்தை மகள் வாயில் வைத்து அங்கேயே அமுக்கினான். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. பத்துப் பேரும் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும் எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான், எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பதினோராம் நாள் மத்தியானம், மருந்து தீர்ந்துபோய், தமிழினிக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு நாவப்பழம். பதினான்கு கிலோமீட்டர் தாங்காது என்று சன்னாசிக்குத் தெரிந்தது. ஒன்பது தடவை ஓட்டினவனுக்குத் தெரியாதா.

"மெஷினைச் சொருகி, சுவிட்சப் போட்டு வையி," என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னான். "மூடிய மட்டும் கையில வச்சுக்க. பாலு நின்னு சத்தம் கேட்டதும் மாட்டு."

"ஆப் பண்ணாம ஏறப் போறியா?"

"எவன் ஆப் பண்ணித் தருவான்?"

அவள் மெஷினைச் சொருகினாள். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காவல்காரர்கள் எட்டுப் பேரும் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். சன்னாசி ஓடி வந்த வேகத்தில் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறினான். பாதிக்கு மேல் போனபிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. இந்தப் பக்கமிருந்து ஊர் திரண்டு வந்தது, அந்தப் பக்கமிருந்து காலனி திரண்டு வந்தது. "தொட்டே, கையி இருக்காது, எறங்கு," என்றார் வெள்ளைக்கண்ணு. "மச்சான், மரியாதையா எறங்கு," என்றான் சோணை. ஊரும் காலனியும் ஒரே வார்த்தையைச் சொன்னது வாழ்நாளில் அன்றைக்கு ஒரு தடவைதான்.

சன்னாசி கம்பியைத் தொட்டான். மடி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. முதல் முடிச்சை அவிழ்த்துக் கீழே போட்டான்.

தரையில் படவிடுவார்களா? வெள்ளைக்கண்ணு வேட்டியை அவிழ்த்து விரித்தார். மாயக்காள் முந்தானையை விரித்தாள். மேற்கே இருந்தவர்கள் துண்டை விரித்தார்கள், கிழக்கே இருந்தவர்கள் போர்வையை விரித்தார்கள், விழ விழப் பிடித்தார்கள், பிடித்தவனிடம் பிடுங்கினார்கள், பிடுங்கினவனை மிதித்தார்கள். இது யாருடையது, அது யாருடையது என்று பதினோரு நாளாகப் பேசின சனம், எதுவாக இருந்தாலும் சரி ஒன்று கையில் இருந்தால் போதும் என்று உருண்டது. சன்னாசி யாருக்கு எது போகிறது என்று பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டே அவிழ்த்தான். பத்து, பதினைந்து, இருபது.

இருபத்தைந்தில் கம்பி முனக ஆரம்பித்தது. மூட்டை குறையக் குறையப் பால் நீர்த்தது, நீர்த்த பாலுக்குள் கரண்டு நெளிந்துகொண்டு வந்தது. முப்பதில் விரல் நுனி மரத்தது. முப்பத்திரண்டில் தோள் வரைக்கும் எறும்பு ஏறியது. முப்பத்து நாலாவது முடிச்சில் கை வைத்ததும் கை அவனுடையதாக இல்லை, யாரோ பிடித்து உதறின மாதிரி தூக்கி அடித்தது, கம்பத்தை இன்னொரு கையால் பிடித்திருந்ததால் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தான். உள்ளங்கை கருகியிருந்தது. முப்பத்து நாலாவதும் அந்த உதறலில் அவிழ்ந்து விழுந்துவிட்டது. மூன்று பாக்கி. பாக்கி மூன்றையும் இனி கையால் தொட்டால் தொட்டவன் போவான். தள்ளி நின்று அறுக்க காய்ந்த மூங்கில் வேண்டும்.

"தொரட்டியக் குடுங்க," என்றான். "என்னோட தொரட்டி ஊர்லதான் இருக்கு. யாருட்ட இருக்கு?"

 மூட்டை கிடைத்தவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான், கிடைக்காதவன் மேலே இருக்கிற மூன்றைப் பார்த்தான். சோணை கிடைத்த மூட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "மூணு மட்டுமாவது இருக்கட்டும். மூணுக்கு உண்டான பாலாவது வரட்டும்," என்றான். வெள்ளைக்கண்ணுவும் அதற்குத் தலையாட்டினார், மேலே இருக்கிற மூன்றில் ஒன்று தன்னுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மாயக்காள் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேற்கே போனாள். திரும்பி வரும்போது கையில் மூங்கில் தொரட்டி. கன்றுக்குக் குழை அறுக்க அவள்தான் வைத்திருந்தாள். முந்தானை காலியாக இருந்தது. அவள் பிடித்ததை எவனோ பிடுங்கியிருந்தான்.

"பிடி," என்றாள். "உம் மகளுக்காகன்னு நெனச்சுக்காத. எங் கன்னு பொழுது தாங்காது."

"நானும் உங்க கன்னுக்காகச் செய்யல."

"அப்பச் செய்யி."

வெள்ளைக்கண்ணு குறுக்கே வந்தார். மாயக்காள் அவரை, வேட்டியில்லாமல் அரைக்கால் டவுசரோடு நின்ற அந்த மனுசனை, தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

சன்னாசி கருகாத கையால் மூங்கிலின் அடியைப் பிடித்து நீட்டினான். ஒன்று அறுந்து விழுந்தது, மாயக்காள் பிடித்தாள். இரண்டாவது அறுந்தது, அதற்கு எட்டுப் பேர் உருண்டார்கள். மூன்றாவதில் தொரட்டி பட்டதும் நீல நெருப்பு சடசடவென்று கம்பி நெடுக ஓடியது, கூட்டம் இரண்டு பக்கமும் சிதறியது, மூட்டை நடுவில் வெறுந்தரையில் பொத்தென்று விழுந்தது. அது யாருடையது என்று இன்னும் ஊரில் சண்டை தீரவில்லை. அன்றைக்கு அப்புறம் மற்ற மாடுகள் எல்லாம் கறந்தன, பசு எருமைப் பால் கறந்தது, எருமை பசும்பால் கறந்தது, காலனிக்காரன் வீட்டுக் கூரையில் தொங்குகிற மூட்டைக்குரிய மாடுகள் வேளை தவறாமல் காலனிக்கே நடந்து வந்து கறந்துவிட்டுப் போயின, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு நடக்கிறது. சன்னாசிக்கு அதெல்லாம் தேவையில்லை.

அவன் ஓடினான். முதுகில் ஊர்ப் பக்கமிருந்து ஒரு கல் விழுந்தது, இடுப்பில் காலனிப் பக்கமிருந்து ஒரு கல் விழுந்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தது.

வீட்டில் பல்பு பாலைக் கடைசிச் சொட்டு வரை கீழே விட்டுவிட்டு, ஆடை படிந்த கண்ணாடிக்குள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கருகின பால் வாடை. மெஷின் இரண்டு தடவை இருமி, மூடியில் ஒரு வாய்ப் பாலைக் கக்கி, பிறகு கிர்ரென்று ஓட ஆரம்பித்திருந்தது. பஞ்சவர்ணம் மூடியைச் சேலையில் துடைத்து மாட்டியிருந்தாள். தமிழினியின் தோள் ஏறியது, இறங்கியது, ஏறியது. சன்னாசி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். நூறு எண்ணினபோது கழுத்துக் குழி ஆழம் குறைந்த மாதிரி இருந்தது. இருநூறு எண்ணினபோது உதட்டில் சிவப்பு தெரிந்தது.

பொழுது சாய்ந்தபோது காலனி வாசலுக்கு வந்து நின்றது. ஆளுக்கொரு சொம்பு, குண்டான், தூக்குவாளி, எல்லாம் காலி.

"ஒனக்கு மட்டும் வந்துருச்சுல்ல," என்றான் சோணை.

"எல்லாருக்கும்தான் வந்துருக்கு," என்றாள் அவன் அக்கா. "போயி சுவிட்சப் போட்டுப் பாரு."

யாரும் உடனே போகவில்லை. போனவர்களும் போடவில்லை. நாற்பது வீட்டில் முப்பத்தொன்பது வீடு வேண்டுமென்றே இருட்டிக் கிடந்தது, அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து நாற்பதாவது வீட்டைப் பார்த்தது. சோணையின் மகன் எங்கோ பாலுக்கு அழ ஆரம்பித்தான். அது சன்னாசிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருக்க அவனுக்கு வரவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தப் போனான், சாத்தாமல் திரும்பி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தமிழினி மூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"ஏம்ப்பா எல்லாரும் நம்மளையே மொறைக்கிறாக?"

"மொறைக்கட்டும்," என்றான். "மூடிய எடுக்காத. நீ மூச்ச இழு."